திருகோணமலையில் வசதியும் வருத்தமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வைத்தியம் இலவசம்தானே? பிறகு வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சு எதற்கு?

அரச வைத்தியசாலையில் துண்டு எடுக்கவும் வைத்தியரைப் பார்க்கவும் மருந்து வாங்கவும் காசு கேட்பதில்லை. இந்த நாட்டின் பெரிய பலம் அது. ஆனால் வாசல் வரை வந்து சேரும் செலவு யாருடைய கணக்கிலும் வராது.

மாவட்டத்தின் தென்கோடியில் உள்ள வெருகலில் இருந்து மாதம் ஒரு முறை திருகோணமலை பொது வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வரும் கூலித் தொழிலாளி ஒருவரை எடுங்கள். நாட்கூலி 2,500 ரூபாய் என்று வைத்தால், பன்னிரண்டு கிளினிக்குக்கு வருடம் 30,000 ரூபாய் கூலி போய்விடும். பஸ் காசும் கடைச் சாப்பாடும் வேறு. நோயாளி வயதான தாய் என்றால் கூட்டி வரும் மகனின் கூலியும் அன்று இல்லை. அதே வரிசையில் நிற்கும் அரச ஊழியருக்கு அது அரைநாள் லீவு, சம்பளத்தில் ஒரு சதமும் குறையாது. ஆக, ஒரே இலவசக் கிளினிக்குக்கு ஏழைதான் கூடக் காசு கொடுக்கிறார். கையில் காசில்லாத மாதத்தில் அவர் முதலில் வெட்டுவதும் அந்தக் கிளினிக்கைத்தான்.

இது வைத்தியசாலைக்கு வரும் கதை மட்டும். வருத்தம் வருவதே தண்ணீர், வீடு, தொழில், சாப்பாடு என்ற நாலு வழியால். அந்த நாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமையவில்லை.

வறுமை என்றே சொல்லலாமே. ‘ஏற்றத்தாழ்வு’ என்று ஏன் சொல்ல வேண்டும்?

அடிமட்டத்தில் இருப்பவருக்கு மட்டும் நோய், மற்றவர்கள் எல்லாம் சுகம் என்று கோடு கிழிக்க முடியாது. படிக்குப் படி ஆரோக்கியம் குறைந்துகொண்டு போகும். இதைத் தெளிவாகக் காட்டியது லண்டனில் 1967ல் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு. சுமார் 18,000 ஆண் அரச ஊழியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை இருந்தது, பிரித்தானியாவின் இலவச வைத்தியசேவையும் இருந்தது. இருந்தும் மேல் நிலை அதிகாரிகளோடு ஒப்பிட்டால், ஆகக் கீழ் நிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. இடைநிலை ஊழியர்கள் இரண்டுக்கும் நடுவில். புகைத்தல், கொலஸ்ட்ரோல், இரத்த அழுத்தம் எல்லாம் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் விளக்கின. தன் வேலை மீது தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, நாளை பற்றிய பயம் எவ்வளவு என்பவையும் உடம்பில் ஏறுகின்றன என்பது பின்னர் தெரிய வந்தது.

ஆகவே ‘நாங்கள் அவ்வளவு ஏழைகள் இல்லையே’ என்று ஒரு கிளார்க் குடும்பம் ஒதுங்கி நிற்க முடியாது.

மாவட்டப் புள்ளிவிபரம் நன்றாகத்தான் இருக்கிறதே?

சராசரி நன்றாக இருக்கும். சராசரிக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டில் வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டத் தொழிலாளர் அதிகமுள்ள நுவரெலியாவில் அதுவே 32 சதவீதம். நாட்டுக்கு ஒரு எண், மாவட்டத்துக்கு இன்னொரு எண் என்றால், மாவட்டத்துக்குள்ளும் அப்படித்தான் இருக்கும்.

திருகோணமலையில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். நகரை உள்ளடக்கிய ‘பட்டினமும் சூழலும்’ என்ற பிரிவையும் தூரத்து வெருகலையும் கூட்டிப் பிரித்து வரும் எண் இரண்டு இடத்துக்குமே பொருந்தாது. கூட்டங்களில் கேட்க வேண்டிய எண், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வாரியாகவும், முடிந்தால் குடும்பநல உத்தியோகத்தர் பிரிவு வாரியாகவும் உள்ள எண். அது பணிமனைகளில் மாதாமாதம் சேர்கிறது. கேட்டால் விளக்குவார்கள், கேட்பவர்தான் குறைவு.

டெங்கு நுளம்பு பணக்காரர், ஏழை பார்த்தா கடிக்கிறது?

பார்ப்பதில்லை. ஆனால் அது எங்கே பெருகும் என்பதைத் தண்ணீர்க் குழாய் தீர்மானிக்கிறது. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும் வீட்டில் பரல் தேவையில்லை. பவுசர் வரும் நாளைப் பார்த்திருக்கும் வீட்டில் பரல், வாளி, சீமெந்துத் தொட்டி, பழைய பெயின்ட் வாளி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைக்காமல் சீவிக்க முடியாது. ‘தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்’ என்ற விளம்பரம் அவர்களைப் பொறுத்தவரை வெறும் பேச்சு. குப்பை வண்டி வராத ஒழுங்கையில் யோகட் கப்பும் சிரட்டையும் டயரும் சேர்வதும் அந்த வீட்டுக்காரரின் சோம்பலால் மட்டும் இல்லை.

2017ல் நாடு முழுவதும் 1,86,101 பேருக்கு டெங்கு பதிவானது. அதுவரை இலங்கை காணாத எண்ணிக்கை அது. அந்த வருடத் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாடு இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். நெருக்கமான வீடுகள், சேமித்த தண்ணீர், சின்ன வைத்தியசாலை ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதை அது காட்டியது.

தண்ணீர் சேமித்தே ஆக வேண்டிய வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். முட்டை நுளம்பாக மாற ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு நாள், உதாரணமாக ஒவ்வொரு வெள்ளியும், பரலைக் காலி செய்து உட்சுவரைப் பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்க வேண்டும். வெறுமனே கவிழ்த்து ஊற்றுவதால்தான் பலர் தோற்கிறார்கள். முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த முறை தண்ணீர் நிரப்பியதும் பொரிக்கும். தேய்த்த பிறகு பழைய நுளம்பு வலைத் துணியை வாயில் போட்டு ரப்பர் பட்டியால் இறுக்கிக் கட்டுங்கள். தகரத்தை மேலே வைத்தால் போதாது, ஒரு விரல் இடைவெளியே நுளம்புக்குத் தாராளம்.

காய்ச்சல் வந்தால், கையில் காசில்லாத வீட்டில் என்ன செய்வது?

தனியார் பரிசோதனைக் கூடத்துக்குக் காசில்லை என்று வீட்டிலேயே இருப்பதுதான் ஆபத்து. காய்ச்சலின் மூன்றாம் நாள் கட்டாயம் ஒரு முழு இரத்தப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் அது இலவசம். ஊர் வைத்தியசாலையில் வசதி இல்லாவிட்டால் கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளுக்கோ திருகோணமலைக்கோ போகலாம். முதல் நாளிலிருந்தே எந்தத் தேதி காய்ச்சல் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.

மருந்து பரசிட்டமோல் மட்டும். வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு முறை, ஒரு நாளில் எட்டு மாத்திரைக்கு மேல் இல்லை. ஈரல் வருத்தம் உள்ளவரும் உடல் எடை குறைந்தவரும் வைத்தியரைக் கேட்டே அளவு எடுக்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம், அதாவது 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 7.5 மில்லிலீற்றர். காய்ச்சல் விடவில்லை என்று இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் கொடுத்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். பின்பக்கம் வைக்கும் மருந்திலும் டைக்ளோஃபெனாக் இருக்கும், பெயரைப் பாருங்கள்.

குடிக்க வெறும் தண்ணீர் மட்டும் கொடுக்காமல் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல், கஞ்சி, இளநீர், சூப் என்று மாற்றிக் கொடுங்கள். சிவப்பு, கபில நிறப் பானங்கள் வேண்டாம், வாந்தி எடுத்தால் இரத்தமா பானமா என்று தெரியாது. கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, மூக்கு, முரசு, மலம் வழியாக இரத்தம், குளிர்ந்த கை கால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று வந்தாலும் நாள் பார்க்காமல் கொண்டு போங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. நாட்கூலிக்காரர் ‘காய்ச்சல் விட்டுவிட்டது’ என்று அன்றே வேலைக்குப் போகிறார். சம்பளத்தோடு லீவு உள்ளவர் இன்னும் இரண்டு நாள் படுக்கிறார். ஒரே நோயில் ஒருவர் பிழைக்கவும் மற்றவர் போகவும் இது போதும்.

கிணற்றுத் தண்ணீர் பாதுகாப்பா? மலகூடக் குழி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும்?

ஐம்பது அடி, அதாவது 15 மீற்றர். இனிப் பத்துப் பேர்ச் காணியை நினைத்துப் பாருங்கள். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறத்தாழ 52 அடி. அதற்குள் வீடு, கிணறு, குழி மூன்றும் வைத்தால் ஐம்பது அடி எங்கே கிடைக்கும்? உங்கள் குழி உங்கள் கிணற்றுக்கு விலகினால் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கு நெருங்கிவிடும். இரண்டாகப் பிரித்துச் சீதனம் கொடுத்த காணிகளில் நிலைமை இன்னும் மோசம். நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நீர் மேலேயே இருப்பதால் குழியிலிருந்து கசிவது வேகமாகப் பரவும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது குழியும் கிணறும் நிலத்தடியில் கைகோர்க்கும், வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் அப்போதுதான் தலை தூக்கும். இதைச் சுகாதாரப் பழக்கக் குறைவு என்று மட்டும் சொல்வது அநியாயம். காணியின் அளவு ஏற்கெனவே பாதியைத் தீர்மானித்துவிட்டது.

செய்யக்கூடியது: ஒட்டியுள்ள நாலைந்து வீடுகள் சேர்ந்து, குழிகளுக்குத் தள்ளியுள்ள ஒரே கிணற்றைக் குடிநீருக்கென ஒதுக்கிக் கட்டுச்சுவரும் மூடியும் போடலாம். மற்றக் கிணறுகள் குளிக்கவும் கழுவவும் மட்டும். குடிநீர்க் கிணற்றுக்கு வெளிற்றும் தூள் போடும் அளவு, 1,000 லீற்றருக்கு நல்ல தூள் 2.5 கிராம். ஐந்து அடி விட்டமும் ஆறு அடி நீரும் உள்ள கிணற்றில் சுமார் 3,300 லீற்றர் இருக்கும், எட்டு கிராம் போதும். வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியை நாலைந்து முறை இறக்கி ஏற்றிக் கலக்குங்கள். இரவில் செய்தால் காலை வரை யாரும் தொடாமல் இருக்கும். குறைந்தது ஒரு மணித்தியாலம் வேண்டும். திறந்து ஈரம் பிடித்த தூளில் குளோரின் பறந்திருக்கும், அதனால்தான் ‘போட்டும் பிரயோசனம் இல்லை’ என்ற முறைப்பாடு வருகிறது.

வெள்ளம் ஏறி இறங்கிய கிணற்றுக்கு இந்த அளவு செல்லாது. இறைத்துச் சுத்தம் செய்து, பலமடங்கு குளோரின் போட வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்த பிறகே குடியுங்கள். அதுவரை தளதளவென்று கொதிக்க வைத்து ஆறிய நீர். உப்புத்தன்மையும் புளோரைட்டும் கொதிக்க வைத்தாலும் குளோரின் போட்டாலும் போகாது. சிறுநீரக நோய் பேசப்படும் பதவி சிறிபுர போன்ற உள்பகுதிகளில் வடிகட்டிய நீர் கேட்பது அதனால்தான்.

பிள்ளைக்குத் திரிபோஷா கொடுத்தும் எடை ஏறவில்லை. ஏன்?

பெரும்பாலும் பிள்ளைக்கு அது போய்ச் சேரவில்லை. 1973ல் தொடங்கிய, அரசு கொடுக்கும் சத்துமாவான திரிபோஷாவில் சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் இருக்கின்றன. ஒருவருக்கு மாதம் 750 கிராம் பைக்கற் இரண்டு, அதாவது நாளுக்கு 50 கிராம். ஐந்து பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியில் சாப்பிட்டால் பிள்ளைக்குப் பத்துக் கிராம்தான். தாயைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை, மற்றப் பிள்ளைகளும் பசியோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய் ஒன்றுக்கு மட்டும் ஊட்டுவாள்? அந்த வீட்டுக்குத் திரிபோஷாவோடு வேறு உதவியும் வேண்டும் என்பதைத்தான் அந்த எடைக்கோடு சொல்கிறது. குடும்பநல உத்தியோகத்தரிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் அடிக்கடி வரும் வயிற்றோட்டம். மேலே சொன்ன கிணறு இங்கே திரும்பி வருகிறது. மூன்றாவது, தேத்தண்ணி. பாணும் தேத்தண்ணியும் காலைச் சாப்பாடாக இருக்கும் வீட்டில், தேயிலை இரும்புச்சத்தை உடம்பில் ஏறவிடாது. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். கர்ப்பிணிகளின் இரும்பு மாத்திரைக்கும் இதே விதி, கல்சியத்தோடும் அதைச் சேர்த்து விழுங்க வேண்டாம். இரும்பு மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தால் நல்லது.

குறைந்த காசில் கூடச் சத்து வேண்டுமென்றால், இங்கே நெத்தலி, சூடை, முருங்கையிலை, கௌபி, பயறு, முட்டை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் வரை போனது. அப்போது பல வீடுகளில் முதலில் காணாமல் போனது முட்டையும் மீனும்தான். கடலோரத்தில் மீன் பிடிப்பவர் வீட்டுச் சட்டியில் மீன் இல்லாமல் போவதும் உண்டு, நல்ல மீன் கடன்காரருக்கும் சந்தைக்கும் போய்விடும்.

ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 12.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கவனிக்க வேண்டும், 11.5க்குக் குறைந்தால் அன்றே வைத்தியசாலை.

பிரஷர், சீனி வருத்தக்காரர்கள் ஏன் மருந்தை இடையில் விடுகிறார்கள்?

‘அறிவில்லை’ என்பது சுலபமான பதில். கிளினிக் தவறினால் மருந்து முடிகிறது, கடையில் வாங்கக் காசில்லை, அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டு நீட்டுகிறார்கள். சில மாதம் ஒன்றும் தெரியாது. பிறகு பாரிசவாதம், கால் புண், டயலிசிஸ் என்று வரும்போது வீடே சரிந்துவிடும்.

கிளினிக்குக்கு வர முடியாத மாதம் என்று முன்கூட்டியே தெரிந்தால் (கடல் சீசன், வயல் வெட்டு, நோன்பு) முந்தின கிளினிக்கிலேயே சொல்லுங்கள். நிலைமை கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு நீண்ட காலத்துக்கு மருந்து எழுதவோ, பக்கத்துப் பிரதேச வைத்தியசாலைக்கு மாற்றவோ வாய்ப்பு உண்டு. சீனிக்கு கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர் சாப்பாடு இல்லாத வேளையில் அதைப் போட்டால் சீனி கீழே இறங்கி மயங்கலாம். றமழான் நோன்பு பிடிப்பவர்கள் நோன்பு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கிளினிக்கில் பேசி நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலின் வைக்கப் பிரிட்ஜ் இல்லாவிட்டால், புட்டியைப் பொலித்தீனில் சுற்றி ஒரு சிறு மண்பானைக்குள் வைத்து, அந்தப் பானையை ஈர மணல் நிரப்பிய பெரிய பானைக்குள் இறக்கி நிழலில் வையுங்கள். மணல் காயவே கூடாது.

உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராம், ஒரு தேக்கரண்டி மட்டமாக. மலிவான புரதம் கருவாடுதான், அதில் உப்பும் கூட. அரை மணித்தியாலம் ஊற வைத்து, தண்ணீரை மாற்றிக் கழுவிவிட்டுச் சமையுங்கள், கறிக்குத் தனியாக உப்புப் போட வேண்டாம். 35 வயதைத் தாண்டியவர்கள் வருத்தம் வரும்வரை காத்திராமல் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அங்கே பெண்கள் நிறைய, ஆண்கள் குறைவு, காரணம் திரும்பவும் நாட்கூலி.

தூரம் இன்னும் பிரச்சினையா? பாலங்கள் எல்லாம் போட்டாயிற்றே?

2009ல் கிண்ணியாப் பாலம் திறந்ததும், மூதூர் பக்க வீதியில் பாதைப்படகுகள் போய்ப் பாலங்கள் வந்ததும் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கும். வீதியமைச்சு போட்ட பாலம் சுகாதார அமைச்சு கட்டும் வாட்டுக்குச் சமம் என்பது எங்கள் கருத்து. விட்டுப்போன இடங்களின் விலை என்ன என்பதை 2021 நவம்பர் 23ல் குறிஞ்சாக்கேணியில் பார்த்தோம். பாலவேலை நடந்துகொண்டிருக்க, பாடசாலைப் பிள்ளைகளும் ஏறிய படகு கவிழ்ந்தது.

புல்மோட்டையில் இருந்து நகருக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். தேவை கூடிய இடத்தில் வைத்தியம் குறைவாகவே கிடைக்கும் என்று வேல்ஸ் நாட்டு வைத்தியர் ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971ல் எழுதினார். விசேட வைத்தியர்கள் நகரில் தங்குவதும், 2022க்குப் பிறகு பலர் நாட்டை விட்டுப் போனதும் அதையே இன்னும் கூட்டின. புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மட்டக்களப்புக்கோ தெல்லிப்பழைக்கோ மகரகமவுக்கோ அலைபவர் தங்குமிடச் செலவிலேயே களைத்து இடையில் நிறுத்துவார்.

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது வீட்டு இலக்கத்தை விட அருகிலுள்ள பள்ளிவாசல், கோயில், பாடசாலை, சந்தி ஆகியவற்றைச் சொல்லுங்கள், ஒருவரை வீதியில் நிறுத்துங்கள். தூரக் கிராமக் கர்ப்பிணிகள் ஏழாம் மாதத்திலேயே குடும்பநல உத்தியோகத்தரோடு இருந்து எந்த வைத்தியசாலை, எந்த வாகனம், வீட்டுப் பிள்ளைகளை யார் பார்ப்பது என்று பேசி எழுதி வைக்க வேண்டும். இரத்தப்போக்கு, கண் மங்கலோடு தலைவலி, பிள்ளையின் அசைவு குறைதல், நீர்க்குடம் உடைதல் இவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

மொழி ஒரு தடையா?

ஆம். ‘நெஞ்சு அடைக்குது’, ‘கை கால் உளையுது’ என்பதை வைத்தியருக்குப் புரிய வைக்க முடியாவிட்டால் சரியான மருந்து கிடைக்காது. சிங்களக் கிராமத்தவர் தமிழ் வாட்டிலும், தமிழ் பேசுபவர் வெளிமாவட்ட வைத்தியரிடமும் ஒரே கஷ்டத்தைப் படுகிறார்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் நோயின் பெயர், ஒவ்வாத மருந்து, போடும் மருந்துகள் மூன்றையும் தாதியிடம் கேட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

கடனுக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு?

கிழமைக் கட்டுக்காசு. நுண்கடன் எடுத்த பெண் செவ்வாய்க்கிழமை காசு கட்டியே ஆக வேண்டும் என்றால், திங்கட்கிழமைச் சாப்பாடு சுருங்கும். முதலில் அவருடைய தட்டுத்தான் சுருங்கும். கணவனைப் போரிலோ கடலிலோ இழந்து தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்களிடம் இரத்தசோகை, நித்திரையின்மை, நெஞ்சுப் படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்தால் மாத்திரை மட்டும் எழுதிப் பயனில்லை. கடனை மறுசீரமைக்க முதலில் பிரதேச செயலகத்தில் பேசுங்கள். மனம் தாங்காத நேரத்தில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம். வீட்டுக்குள் அடி உதை என்றால் பெண்களுக்கு 1938, பிள்ளைகளுக்கு 1929.

கடலுக்கும் வயலுக்கும் போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

வயலில் எலிக்காய்ச்சல். விதைப்பும் வெட்டும் தொடங்குவதற்கு முன்பே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் பெயர் கொடுத்தால் அதைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரை இலவசம். கிழமைக்கு ஒரு முறை, சாப்பாட்டுக்குப் பிறகு. காணிச் சொந்தக்காரர் பெயர் கொடுத்து வாங்குவார், கூலிக்கு வருபவர் பெயர் பட்டியலில் இருக்காது. இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது கமக்காரர் அமைப்பு.

கடலில் இரவு நித்திரை வராமலிருக்க வெற்றிலையும் புகையிலையும். இலங்கை ஆண்களிடம் முன்னணியில் உள்ள புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் என்றால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், வலி இல்லாவிட்டாலும்.

அஸ்வெசும கிடைக்காவிட்டால்?

2023ல் தொடங்கிய இந்த அரச நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்தில், 2025 தொடக்கத்து மாற்றத்தின்படி வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000 ரூபாயும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாயும். மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் முதியோருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. பலர் நிராகரிக்கப்படுவது புள்ளி கணிக்கும் முறையால். வாடகை வீட்டில் மின்சார பில் கூட வந்திருந்தாலோ, ஓடாத மோட்டார் சைக்கிள் பெயரில் இருந்தாலோ வசதியான வீடாகத் தெரியும். மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது கிளினிக் கொப்பியின் பிரதி, வாடகைக் கடிதம், வருமானம் பற்றிக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் ஆகியவற்றோடு போங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வர வேண்டாம்.

போர் முடிந்து இவ்வளவு காலமாகியும் அதையே சொல்வதா?

2006ல் சம்பூர், மூதூர் கிழக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். சம்பூர்க் காணிகள் பல வருடம் கழித்து 2015க்குப் பிறகே கைக்கு வந்தன. அப்போது முகாமில் படிப்பு முறிந்த சிறுமி இன்றைக்குத் தாய். தாயின் படிப்பு, பிள்ளையின் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கும் பெரிய காரணிகளில் ஒன்று. கிணறும் தென்னையும் மாடும் போன வீடு மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கியது. மூதூர், வெருகல் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்களின் நிலை இதற்கும் கீழே, கூட்டங்களில் அவர்கள் பெயர் எடுபடுவதே அரிது.

இதெல்லாம் மாறக்கூடியதா?

மலேரியாவைப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்த மாவட்டத்தில் ஆறு மாதத்துக்கொரு முறை நடுங்காத வீடு குறைவு. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மக்களை வைத்தியசாலைக்கு வா என்று அழைத்துக்கொண்டிருக்காமல், நடமாடும் குழுக்கள் சேனைக்கும் வாடிக்கும் போய் விரலில் இரத்தம் எடுத்தன. அன்றைய கூலி கெடவில்லை.

அதே முறையில் ஊர்ச் சங்கங்கள் இன்றைக்குக் கேட்கக்கூடியவை சில உண்டு. மாதம் ஒரு மாலை நேரக் கிளினிக். மீன்பிடித் துறையிலேயே பிரஷர், சீனி பார்க்கும் நாள். ஒரே ஊர்க்காரருக்கு ஒரே கிளினிக் திகதி, அப்போது ஒரு வானை வாடகைக்குப் பிடிக்கலாம். கேட்கும்போது ‘எங்கள் ஊருக்கு வசதி இல்லை’ என்று எழுதினால் பதில் வராது. எத்தனை பேர் எந்தக் கிளினிக்குக்குப் போகிறார்கள், மூன்று மாதத்தில் எத்தனை பேர் தவறவிட்டார்கள், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்று எண்ணோடு சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதி, பிரதியை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். நோயாளிகளின் பெயரை எழுத வேண்டாம், எண்ணிக்கை போதும்.

வைத்தியசாலையில் மருந்து இல்லை, வெளியில் வாங்கு என்கிறார்கள். என்ன செய்வது?

சீட்டில் கம்பனிப் பெயர் இருந்தால் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரக் கேளுங்கள், அதே மருந்து பல விலையில் கிடைக்கும். அரச மருந்துக்கடையான ஒசுசலவில் முதலில் விலை கேளுங்கள். எல்லாவற்றையும் வாங்கக் காசில்லாவிட்டால் நீங்களாகத் தெரிவு செய்யாமல், எதை ஒரு நாளும் விடக்கூடாது என்று மருந்தாளரிடமோ வைத்தியரிடமோ கேட்டு அதை முதலில் வாங்குங்கள். ஒரு மாதத்துக்கு முடியாவிட்டால் பத்து நாளுக்கு வெட்டி வாங்கலாம், கடைக்காரர் மறுக்க மாட்டார். மீதிச் சீட்டைக் கிழியாமல் வையுங்கள்.